கோட்ஸ்வோல்ட்ஸா, லேக் டிஸ்ட்ரிக்டா, பீக் டிஸ்ட்ரிக்டா? இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக்கு முதல் பயணம்

இங்கிலாந்துக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களும், படிப்புக்கோ வேலைக்கோ வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும், லண்டனைப் பார்த்து முடித்ததும் நாட்டுப்புறம் பக்கம் திரும்புகிறார்கள். அப்போது அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் மூன்றுதான்: தேன்நிறக் கல்வீடுகளுக்குப் பெயர்பெற்ற கோட்ஸ்வோல்ட்ஸ், ஏரிகளும் மலைகளும் சேர்ந்த லேக் டிஸ்ட்ரிக்ட், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிடக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட். படங்களைப் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயன்றால் முடிவுக்கே வர முடியாது, ஏனென்றால் மூன்றும் அழகானவை. எத்தனை இரவு தங்க முடியும், கையில் கார் இருக்கிறதா, உடன் வருகிறவர்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்ற மூன்று கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். கார் இல்லாமல், இரண்டு மூன்று நாள் அவகாசத்தோடு, ஓரளவு நடக்கக்கூடியவர்களுக்கு முதல் பயணம் பீக் டிஸ்ட்ரிக்டாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், அந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

எங்கே போனாலும் பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொது நடைவழிகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தனியார் வயல்களின் நடுவிலும் ஆட்டு மந்தைகள் மேயும் புல்வெளிகளின் ஊடாகவும் போகின்றன. நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தாலும் அதன் வழியே நடந்துபோகும் உரிமை எல்லோருக்கும் சட்டப்படி உண்டு. கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்பவர்களுக்கான வழி. நீல அம்புக்குறி இருந்தால் குதிரையில் போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்கூட அதைப் பயன்படுத்தலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரைபடங்கள் 1:25,000 அளவில் இந்த வழிகளைப் பச்சைக் கோடுகளாகக் காட்டுகின்றன. அதே வரைபடம் கைபேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. திறந்திருக்கும் கதவைத் திறந்தபடியும் மூடியிருக்கும் கதவை மூடியும் விட்டுச் செல்ல வேண்டும். கன்றுகளோடு பசுக்கள் நின்றால் அவற்றுக்கு நடுவே புகாமல் விலகிச் சுற்றிப் போக வேண்டும். ஊரில் மாடுகளோடு பழகியவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் இங்கே திறந்த வயலில் மந்தையாக மேயும் பசுக்கள் மனித நெருக்கத்துக்குப் பழகாதவை. கன்றைக் காக்க முட்டவும் மிதிக்கவும் செய்யும்.

கோட்ஸ்வோல்ட்ஸ் ஒரு தேசியப் பூங்கா அல்ல. 1966-இல் இயற்கை எழில்மிகு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த வகைப் பகுதிகளுள் இதுவே மிகப் பெரியது, பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். இதன் மிக உயரமான இடமான கிளீவ் ஹில் 330 மீட்டர்தான் என்பதிலிருந்தே நிலத்தின் இயல்பு புரிந்துவிடும். மென்மையாக ஏறி இறங்கும் மேய்ச்சல் நிலங்களும், பள்ளத்தாக்குகளில் ஒதுங்கிய கிராமங்களும்தான் இங்கே காட்சி. வீடுகளின் தேன்நிறம் பூச்சால் வந்ததன்று. அடியில் கிடக்கும் ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில் கலந்துள்ள இரும்பின் நிறம் அது. தெற்கே பாத் நகரை நெருங்க நெருங்க வெளிறிக்கொண்டே போகும்.

இவ்வளவு சிறிய ஊர்களில் இவ்வளவு பெரிய தேவாலயங்கள் எப்படி வந்தன என்ற கேள்விக்குக் கம்பளி வணிகம்தான் பதில். இடைக்காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேர்போன கோட்ஸ்வோல்ட் கம்பளியால் செழித்த வணிகர்கள் அந்தப் பணத்தில் தேவாலயங்களை எடுத்துக் கட்டினார்கள். நார்த்லீச் தேவாலயத்தின் தரையில் பதிக்கப்பட்டுள்ள பித்தளைத் தகடுகளைக் குனிந்து பார்த்தால், அந்த வணிகர்கள் ஆட்டின்மீதும் கம்பளி மூட்டையின்மீதும் கால் வைத்து நிற்பதைக் காணலாம். தங்களுக்குச் சோறு போட்டது எது என்பதை மறைக்க அவர்கள் நினைக்கவில்லை. பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோ எனும் வீட்டுவரிசையும் 14-ஆம் நூற்றாண்டில் கம்பளி சேமிக்கும் கிடங்காக இருந்து, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்டதுதான்.

ஆர்லிங்டன் ரோவில் இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதைப் படமெடுக்க வருகிறவர்கள் நினைவில் வைத்தால் நல்லது. பைபரி, போர்ட்டன் ஆன் த வாட்டர், காஸில் கூம் ஆகிய மூன்றும் கோடை வார இறுதிகளில் சுற்றுலாப் பேருந்துகளாலும் கார்களாலும் திணறிப்போகின்றன. காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ போனால் மட்டுமே அந்த ஊர்களின் அமைதி கிடைக்கும். அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் ஓர் இரவாவது அக்கம்பக்கத்தில் தங்க வேண்டும். லண்டனிலிருந்து ஒரே நாளில் நான்கு கிராமங்களைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடும் பேருந்துச் சுற்றுலாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வோர் ஊரிலும் இறக்கிவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக, லண்டன் பாடிங்டனிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மோர்ட்டன் இன் மார்ஷ் ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் போர்ட்டன் சென்று, லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என்ற இரு கிராமங்களுக்கு நடந்து போவது மேல். பாதையில் பெரிய ஏற்றம் ஏதுமில்லை. சிறிய ஆறு ஒன்று பழைய மாவு ஆலையின் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு உடன் வரும். அப்பர் ஸ்லாட்டரிலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் சென்றவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். இங்கிலாந்தின் ஏறக்குறைய எல்லாக் கிராமங்களிலும் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த போர் நினைவுச்சின்னம் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மோர்ட்டனுக்கு அருகிலேயே செசின்கோட் என்ற மாளிகை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றித் திரும்பிய சார்லஸ் காக்கரெல்லுக்காக அவருடைய சகோதரர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயப் பாணியில் கட்டியது அது. செம்புப் பச்சை படர்ந்த குமிழ்க் குவிமாடம் ஆங்கிலப் புல்வெளியின் நடுவே நிற்கிறது. அதன் தோட்டத்துக்கு ஆலோசனை சொன்ன ஓவியர் தாமஸ் டேனியல், 1790-களில் தமிழ்நாட்டுக் கோயில்களையும் கோட்டைகளையும் நேரில் பார்த்து வரைந்தவர். ஆண்டில் குறிப்பிட்ட மாதங்களில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறப்பார்கள் என்பதால் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோட்ஸ்வோல்ட்ஸின் குறை போக்குவரத்துதான். கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன, பேருந்துகள் குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. கார் இருந்தால் ஒரு நாளில் ஐந்தாறு இடங்களைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் இரண்டு இடங்களோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

லேக் டிஸ்ட்ரிக்ட் வேறு தரத்தில் நிற்கும் நிலம். 1951-இல் தேசியப் பூங்காவாகி, 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கிலாந்தின் மிக உயரமான மலையான 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக், மிகப் பெரிய இயற்கை ஏரியான விண்டர்மியர், மிக ஆழமான ஏரியான வாஸ்ட்வாட்டர் எல்லாம் இதற்குள்தான். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் நடுவிலிருந்து நாலாபக்கமும் விரிகின்றன; அவற்றுள் பலவற்றில் ஓர் ஏரி. மலைச்சரிவுகளில் செங்குத்தாக ஏறும், சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்களும், குளிரையும் மழையையும் தாங்கும் ஹெர்ட்விக் ஆடுகளும் சேர்ந்துதான் இந்த நிலத்துக்கு முகம் கொடுத்திருக்கின்றன. யுனெஸ்கோ இதை வெறும் இயற்கைக் காட்சியாக அல்லாமல் பண்பாட்டு நிலத்தோற்றமாகப் பட்டியலிட்டதும் அதனால்தான். குழந்தைகளுக்கான முயல் கதைகளால் உலகப்புகழ் பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர், அந்த வருமானத்தில் இங்கே பண்ணை பண்ணையாக வாங்கி, தாமே ஹெர்ட்விக் ஆடு வளர்த்து, 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை, இயற்கையையும் பழமையான இடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். நாம் இன்று சுற்றுச்சுவரோ விடுதி வரிசையோ குறுக்கிடாமல் நடக்கும் பல பள்ளத்தாக்குகள் அப்படிக் காப்பாற்றப்பட்டவை.

இத்தனை சிறப்பு இருந்தும் இதை முதல் பயணத்துக்கு நான் சொல்லத் தயங்குவதற்கு முதல் காரணம் மழை. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தோடு வரும் மேற்குக் காற்று மோதும் உயர்ந்த தடை இந்த மலைகள்தான். பாரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. லண்டனில் 600 மில்லிமீட்டர் அளவில்தான். ஆகவே ஒரே ஒரு நாளை நம்பி இங்கே வருவது துணிச்சல். மேகம் இறங்கிவிட்டால் மலை இருப்பதே தெரியாது. நான்கு நாள் வைத்துக்கொண்டு வந்தால், அவற்றில் ஒன்றிரண்டு நாட்களாவது தெளிந்து கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மழை நாளில் கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் காட்டேஜைப் பார்க்கலாம், விண்டர்மியரில் கப்பலேறலாம்.

இரண்டாவது காரணம் தூரம். லண்டன் யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோம் வரை ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம், அங்கே மாறி விண்டர்மியருக்கு இன்னும் இருபது நிமிடம். போய்ச்சேர்ந்த பிறகு கார் இல்லாதவர்களுக்கு நிலைமை கோட்ஸ்வோல்ட்ஸைவிட நன்றாகவே இருக்கிறது: 555-ஆம் எண் பேருந்து விண்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெசிக் ஆகிய ஊர்களை ஒரே கோட்டில் இணைக்கிறது. ஆனால் வாஸ்ட்வாட்டர் போன்ற மேற்குப் பள்ளத்தாக்குகளுக்குக் கார் வேண்டும். அப்படிக் கார் எடுத்துப் போகிறவர்கள், மூன்றடிக்கு ஓரடி ஏறும் சரிவுள்ள ஹார்ட்நாட் கணவாயை வழிகாட்டிச் செயலி காட்டுகிறதே என்று பின்பற்றிப் போய்விட வேண்டாம். இரு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத ஒற்றைத் தடம் அது.

எங்கே தங்குவது என்று கேட்டால், விண்டர்மியரைவிடக் கெசிக் என்பேன். ஊரிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரை வந்துவிடும். ஃப்ரையர்ஸ் கிராக் எனும் முனை வரை போகும் பாதை சமமானது, முதியவர்களும் வரலாம். படகில் ஏறி மறுகரையில் ஹாஸ் எண்டில் இறங்கினால் 451 மீட்டர் கேட்பெல்ஸ் மலையில் ஏறலாம். உயரம் குறைவுதான் என்றாலும் உச்சிக்குச் சற்று முன்பு பாறையில் கையூன்றி ஏற வேண்டிய இடம் உண்டு. ஏரியை முழுதாகக் காலடியில் பார்க்க இவ்வளவு குறைந்த உழைப்பில் வேறு மலை கிடைப்பது கடினம். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ தள்ளிக்கொண்டு போகக்கூடிய வழிகளை ‘மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்’ என்ற பெயரில் தேசியப் பூங்கா தொகுத்து வைத்திருக்கிறது; அவற்றுள் டார்ன் ஹவ்ஸ் ஏரியைச் சுற்றும் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்கேஃபெல் பைக்கை மட்டும் முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். நாட்டிலேயே உயரம் என்ற பெயருக்காகவே அனுபவமில்லாதவர்கள் அதில் ஏறி, மேகத்தில் வழி தவறி, மலை மீட்புக் குழுவை அழைக்கும்படி ஆகிறது. அந்தக் குழுவினர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள்.

இனி பீக் டிஸ்ட்ரிக்ட். 1951 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா இது. அந்த முதலிடத்துக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. இந்த மேட்டுநிலங்கள் கிரவுஸ் என்னும் பறவையை வேட்டையாடுவதற்காகப் பிரபுக்களால் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. வாரம் ஆறு நாள் மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் ஆலைப்புகையில் உழைத்த தொழிலாளர்களுக்கு ஞாயிறன்று கண்ணெதிரே தெரியும் மலையில் கால்வைக்க அனுமதி இல்லை. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் முன்னின்று நடத்த, சில நூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து புறப்பட்டுத் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டுக்கு ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்துக்கும், திறந்த மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமை தந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உந்துதலாக அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றும் நினைவுகூரப்படுகிறது. கிண்டர் பகுதியில் நிலம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த டெவன்ஷைர் கோமகன் 2002-இல், தம் பாட்டனார் காலத்தில் அந்த நடைபயணிகளுக்கு எதிராக நடந்தவற்றுக்காகக் கிண்டர் அடிவாரத்தில் பொதுமக்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தார். அந்தக் குடும்பத்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையும் இதே பூங்காவுக்குள்தான் இருக்கிறது. ஒரு நாள் கிண்டரிலும் மறுநாள் சாட்ஸ்வொர்த்திலும் நிற்கும்போது, யாருடைய நிலம், யாருடைய மலை என்று இந்த நாடு நடத்திய வழக்கின் இரு தரப்பையும் நேரில் பார்த்ததுபோல் ஆகிறது. நாட்டுப்புறத்தை அழகுக்காக மட்டுமல்லாமல் புரிந்துகொள்ளவும் வருகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

நடைமுறை வசதியிலும் பீக் டிஸ்ட்ரிக்ட் முந்துகிறது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில் பாதை பூங்காவின் நடுவாகவே போகிறது. லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஷெஃபீல்டுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஈடேலுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஈடேல் நிலையத்தில் இறங்கியதுமே நடை தொடங்கிவிடுகிறது. 1965-இல் திறக்கப்பட்ட, ஸ்காட்லாந்து எல்லை வரை 268 மைல் போகும் பென்னைன் வே எனும் நெடுவழியின் தொடக்கமும் இந்தக் கிராமம்தான்.

முதல் நடைக்கு ஈடேலிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் வழியே மாம் டோர் ஏறிக் கேஸில்டனில் இறங்குவதை நான் சொல்வேன். நிதானமாகப் போனால் அரை நாள் ஆகும். மாம் டோர் 517 மீட்டர். மேலே பழங்காலக் கோட்டையின் மண்மேடுகள் இன்னும் தெரிகின்றன. மலைமுகட்டுப் பாதை கற்பலகைகள் பதித்தது, ஆகவே சேற்றில் சிக்க வேண்டியதில்லை. உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் கிண்டரின் கருத்த மேட்டுநிலம். தெற்கே திரும்பினால் வெளிறிய சுண்ணாம்புக்கல் நாடு. பூங்காவின் இரு பாதிகளான டார்க் பீக்கும் வைட் பீக்கும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறோம். இறங்கும் வழியில், மலையின் கிழக்கு முகம் ஓயாமல் சரிந்துகொண்டிருப்பதால் 1979-இல் கைவிடப்பட்ட பழைய நெடுஞ்சாலையின் மீது நடக்கலாம். சாலை ஆளுயரத்துக்குப் பிளந்து சாய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை பழுதுபார்த்தபோதும் போட்ட தார், அடுக்கடுக்காக வெட்டுமுகத்தில் தெரிகிறது. நடுக்கோட்டின் வெள்ளைப் பூச்சு பள்ளத்தின் விளிம்பில் நின்றுபோகிறது. குழந்தைகள் இதை மறக்கவே மாட்டார்கள். கேஸில்டனில் காட்சிக்குகைகள் நான்கு உள்ளன. புளூ ஜான் என்ற ஊதாக்கோடு ஓடும் கல் இங்கே கிடைப்பது. அங்கிருந்து ஹோப் ரயில் நிலையம் ஏறக்குறைய ஒரு மணி நேர நடை. களைத்தவர்களுக்கு ஷெஃபீல்டுக்குப் பேருந்தும் உண்டு.

இரண்டாம் நாளுக்கு ஈம் (Eyam) என்ற கிராமம். 1665-இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு பிளேக் நோய் ஊருக்குள் நுழைந்தபோது, பாதிரியார் வில்லியம் மாம்ப்பெசனும் அவருக்கு முன்பு அங்கே பணியாற்றிய தாமஸ் ஸ்டான்லியும் சொல்லக் கேட்டு, ஊரார் தங்களைத் தாங்களே ஊருக்குள் அடைத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோய் பரவக்கூடாது என்பதே நோக்கம். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரெல்லையில் வயல் நடுவே கிடக்கும் ஒரு பாறையின் மேற்பரப்பில் சிறு குழிகள் இருக்கின்றன. வெளியூரார் வைத்துச்செல்லும் உணவுக்கான காசை, அந்தக் குழிகளில் வினிகர் ஊற்றி அதற்குள் போட்டு வைத்தார்கள். பல தலைமுறைகளாக விரல்கள் தடவித் தடவி அந்தக் குழிகளின் விளிம்பு வழவழப்பாகிவிட்டது.

முட்டி வலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் உடன் இருந்தால் மான்சல் டிரெயில் இருக்கிறது. 1968-இல் மூடப்பட்ட ரயில் பாதையை நடைவழியாக மாற்றியது. எட்டரை மைல் நீளமும் ஏறத்தாழ சமம். விளக்கு போட்ட சுரங்கங்களும் உயர்ந்த பாலமும் வழியில் வரும், சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.

பீக் டிஸ்ட்ரிக்டில் இல்லாதது ஏரி. லேடிபவர் போன்ற நீர்த்தேக்கங்கள்தான் உண்டு. வானுயர்ந்த பாறை முகடுகளும் இல்லை. கிண்டரே 636 மீட்டர்தான். ஏரியையும் மலையையும் ஒருசேரப் பார்க்கும் ஆசை இருந்தால் லேக் டிஸ்ட்ரிக்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கு இது மாற்றாகாது. யார்க்‌ஷைர் டேல்ஸையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்ப்பார்கள். 80 மீட்டர் உயர மாலம் கோவ் பாறைச்சுவரும், 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைக் கடந்துபோகும் செட்டில்–கார்லைல் ரயிலும் தனிப் பயணத்துக்கு உரியவை. இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், அதிகம் நடக்க முடியாது, கார் ஓட்ட ஆள் உண்டு என்றால் என் பேச்சைக் கேட்காமல் கோட்ஸ்வோல்ட்ஸுக்கே போங்கள். ஓர் இரவு தங்குங்கள். 60 வயது நிறைந்தவர்களுக்குச் சீனியர் ரயில்கார்டு, குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் குடும்ப ரயில்கார்டு என்று உண்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், குடும்ப ரயில்கார்டில் குழந்தைகளுக்கு 60 சதவீதமும் கட்டணம் குறையும். நான்கு இரவுகள் கிடைத்து, மழையைப் பொருட்படுத்தாத நண்பர் குழுவாக இருந்தால் லேக் டிஸ்ட்ரிக்டைத் தள்ளிப்போட வேண்டாம். மாணவர்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், வார இறுதியில் மட்டும் ஓய்வுள்ளவர்கள் யோசிக்காமல் ஈடேலுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை மேயும் ஜூனும் செப்டம்பரும் நல்லவை. ஜூனில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் பிற்பகலில் மலையேறத் தொடங்குவது ஆபத்து. ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம் எங்கும் நெரியும், ஆனால் டார்க் பீக் மேட்டுநிலம் முழுக்க ஹெதர் செடி ஊதாவாகப் பூப்பதும் அந்த மாதத்தில்தான். ஜீன்ஸ் போட்டு மலையேறாதீர்கள். நனைந்த பருத்தி காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழைக்கோட்டும் பிடிமானமுள்ள காலணியும் மூன்று இடங்களுக்கும் கட்டாயம். பள்ளத்தாக்குகளில் கைபேசி அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கிவைக்க வேண்டும். மலையில் விபத்து நேர்ந்தால் 999-ஐ அழைத்து முதலில் காவல்துறையையும், பிறகு அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும்.

முன்பதிவு செய்யும் வரிசையும் இடத்துக்கு இடம் மாறும். லேக் டிஸ்ட்ரிக்டுக்குப் போவதானால் தங்கும் அறையை முதலில் உறுதிசெய்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள், கோடையில் கெசிக்கிலும் ஆம்பிள்சைட்டிலும் அறை கிடைப்பதுதான் கடினம். கோட்ஸ்வோல்ட்ஸுக்குக் கார் இல்லாமல் போகிறவர்கள் திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாளையே முடிவுசெய்ய வேண்டும். ஈடேலுக்கு ஷெஃபீல்டில் அறை எடுத்தால் போதும், காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பலாம். வானிலை அறிக்கை மோசமாக இருந்தால் மலையை மறுநாளுக்குத் தள்ளிவைத்து, அன்றைக்குச் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் பேருந்து ஏறிவிடலாம்.